விழுந்தவனைத் தொடக் கூடாது

என் அக்கா மகள் இப்போதே என் தோளைத் தாண்டிவிட்டாள். பதுளையில் அவள் படிக்கும் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அணியில் அவளைச் சேர்த்துவிட்டார்கள் என்று அக்கா போனில் சொன்னபோது, நான் எல்ல என்ற மலையூரில் வேலை செய்யும் ஹோட்டலின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். "மொதல்ல அவ நெஞ்ச ஒரு டாக்டர்கிட்ட காட்டணும்க்கா. அதுக்கப்புறம் வெளையாடட்டும்" என்றேன். "நல்லது பேசுறப்ப ஏன்டா வாய் வைக்கிற" என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து எனக்கும் அக்காவுக்கும் இடையில் நடப்பது இந்த ஒரே வழக்குதான். அந்தப் பிள்ளையை ஒரு டாக்டர் பார்க்க வேண்டும் என்கிறேன் நான். முடியாது என்கிறாள் அவள். நான் ஏன் இப்படி ஒற்றைக் காலில் நிற்கிறேன் என்று கேட்பவர்களுக்கு என் விளையாட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. அதில் பீற்றிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடினேன், பிறகு கொஞ்ச காலம் உதைபந்தும் ஆடிப் பார்த்தேன். இப்போது வெள்ளைக்காரப் பயணிகளுக்கு அறைச் சாவி எடுத்துக் கொடுக்கிறேன். அவர்களில் பாதிப் பேர் என் உயரத்தைக் கேட்கிறார்கள், சிலர் பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டம் லுணுகலைப் பக்கம். வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் ஒற்றைக் காம்பராவுக்குள் குனியாமல் நுழைந்து நான் நெற்றியை உடைத்துக்கொண்ட நாட்கள் உண்டு. அப்பாவும் நெட்டை. நான் சின்னவனாக இருந்தபோது அவர் உர மூட்டையோடு உச்சி மலைக்கு ஏறும்போது விழுந்தார், அங்கேயே போய்விட்டார். முனி அடித்துவிட்டது என்றார்கள். விழுந்த இடத்தில் ஒரு கல்லை நட்டுச் சூடம் கொளுத்தினார்கள். கொழுந்து எடுக்கும் பெண்கள் உச்சிப் பொழுதில் அந்தப் பக்கம் தனியாகப் போவதை நிறுத்திக்கொண்டார்கள். ஆரோக்கியமாக இருந்த மனிதன் ஏன் செத்தான் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

நான் முதல் தடவை விழுந்தது எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவில். பதுளைப் பள்ளிக்கூடத்தில் என்னைக் கூடைப்பந்துக்குப் பிடித்துப் போட்டிருந்த காலம் அது. தேரை மேட்டில் இழுத்துக்கொண்டிருந்தோம். தப்பு அடியும் தூசியும் சூடப் புகையுமாக இருந்தது. வடத்தில் எனக்கு முன்னால் இருந்தவனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது வரைதான் நினைவிருக்கிறது. கண்ணைத் திறந்தபோது என்னைச் சுற்றி வெட்டவெளியாக இருந்தது. தள்ளி நின்ற கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். எல்லோரும் செருப்பைக் கழற்றியிருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. அருள் வந்து விழுந்தவனை யாரும் தொடக் கூடாது. செருப்போடு கிட்டே போகவே கூடாது. பூசாரி மட்டும் மஞ்சள் தண்ணீரும் திருநீறும் கொண்டு போவார். அவன் தானாக எழுந்து வாய் திறக்கும் வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுத் தூக்கினால் வந்த சாமி கோபித்துக்கொள்ளும். அன்றைக்கு எழுந்ததும் நான் கேட்டது தண்ணீர். எனக்குத் தொண்டை காய்ந்திருந்தது. அம்மனுக்கே தாகம் என்று பூசாரி அறிவித்தார். அடுத்த வருடத்திலிருந்து திருவிழாவில் தண்ணீர்க்குடம் எடுப்பது என்று ஒன்று புதிதாகச் சேர்ந்துகொண்டது. இன்றைக்கும் எடுக்கிறார்கள்.

சாமி வந்தது எனக்குத்தான். ஆனால் அதை மற்றவர்கள் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. அப்பா செத்த பிறகு எங்கள் வீட்டை ஏறிட்டும் பார்க்காதவர்கள் எல்லாம் என் அம்மாவிடம் நின்று பேசிவிட்டுப் போனார்கள். தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் கடைசியாக நின்றவளுக்கு வழி விட்டார்கள். அம்மாவின் முகம் அந்த நாட்களில் இருந்தது போல அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடம் முடிந்ததும் கொழும்பில் ஒரு பெரிய நிறுவனம் தன் அணிக்கு என்னை எடுத்தது. நிறுவனங்களுக்கு இடையே போட்டி நடக்கும், அதற்கென்றே ஆள் எடுத்து வைத்திருப்பார்கள். பேருக்கு ஒரு பதவியும் கொடுப்பார்கள். என் பதவி பண்டசாலை உதவியாளர். பண்டசாலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்குக் கடைசி வரை சரியாகத் தெரியாது. லீவில் தோட்டத்துக்குப் போகும்போது பெரிய கங்காணி கேட்பார்.

"கொழும்புல என்னா வேலைப்பா?"

"பந்து வெளையாடுறது."

"அது சரி. வேலை என்னா?"

நான் நல்ல ஆட்டக்காரன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. வளையத்துக்குக் கீழே நின்று, விழாமல் திரும்பி வரும் பந்தைப் பறிப்பதில் அந்தக் காலத்தில் என்னை மிஞ்ச ஆள் குறைவு. கொழும்புப் பையன்கள் சாமர்த்தியமாக ஆடுவார்கள், ஆனால் முழங்கை பட்டால் முகம் சுளிப்பார்கள். மலையில் வளர்ந்த எனக்கு அதெல்லாம் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. சப்பாத்துப் பட்டையை இறுக்கிக்கொண்டு களத்தில் இறங்கும் அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் கை பரபரக்கிறது. அவ்வளவு ஆசை எனக்கு அதன் மேல்.

அங்கேயும் விழுந்தேன். முதலில் பயிற்சியில். வெயில், நன்றாகச் சாப்பிடவில்லை என்றார் பயிற்சியாளர். அம்மாவிடம் போனில் சொன்னேன். "நீ திருவிழாவுக்கு வரல. அதான் ஆத்தா அங்கயே வந்துட்டா" என்றாள். பசறை வழியாகக் கொழும்புக்கு வரும் பஸ்ஸில், கண்டக்டரின் கையில் திருநீறு கொடுத்தனுப்பினாள். அதைப் பூசிக்கொண்டு ஆடிய ஆட்டத்தில் ஜெயித்தோம். அடுத்த ஆட்டத்துக்கு முன் அணியில் இருந்த சிங்களப் பையன்களும் நெற்றியைக் காட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். நானும் பெரிய பூசாரி மாதிரி பூசிவிட்டேன்.

பிறகு ஓர் ஆட்டத்தின் நடுவில் விழுந்தேன். இந்தத் தடவை எழுந்திருக்க நேரமாகிவிட்டது. நிறுவனம் பயந்துபோய் ஓர் இதய மருத்துவரிடம் அனுப்பியது. அந்த அம்மா தமிழர். வயிற்றிலும் நெஞ்சிலும் குளிர்ந்த பசையைத் தடவித் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உங்க குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?"

"அப்பா. முனி அடிச்சிருச்சு."

அவர் சிரிக்கவில்லை. "எப்ப அடிச்சது? மேட்டுல ஏறும்போதா?" என்றார்.

ஆமாம் என்றேன். என் இதயத்தின் சுவர் ஓரிடத்தில் தேவைக்கு மேல் தடித்திருக்கிறது என்று விளக்கினார். மூச்சு வாங்க ஓடினால் துடிப்பு தாளம் தப்பும். சில சமயம் தானாகத் திரும்பி வரும், சில சமயம் வராது. இது இரத்தத்தில் வருவது, கூடப் பிறந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். இனி ஓடக் கூடாது என்றும் சொன்னார். நான் கடைசி வாக்கியத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வெளியே வந்து, வாசலில் உட்கார்ந்து அழுதேன்.

பஸ்ஸில் ஊருக்குத் திரும்பும்போது அழுகை நின்றுவிட்டது. அப்பாவை நினைத்துக்கொண்டே வந்தேன். விழுந்தவன் எழுந்தால் சாமி, எழாவிட்டால் முனி. இரண்டுக்கும் நடுவில் ஒரு டாக்டர் இருந்திருக்கலாம் என்பது எங்கள் ஆட்களுக்குத் தோன்றவே இல்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. அந்த எண்ணம் என்னைப் போட்டு உலுக்கியது.

இவ்வளவு தெரிந்தவன் பேசாமல் வீட்டில் இருந்திருக்க வேண்டும். ஆசை யாரை விட்டது? பதுளையில் ஓர் உதைபந்தாட்டக் கழகத்துக்குக் கோல் காப்பாளர் தேவைப்பட்டார். ஓடக் கூடாது என்றுதானே டாக்டர் சொன்னார், நிற்கக் கூடாது என்று சொல்லவில்லையே என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். கோலுக்குள் நிற்பவன் ஓடுவதில்லை. கையால்தான் வேலை. எனக்கோ கைதான் சோறு போட்டது. இந்த நியாயத்தை நான் யாரிடம் சொன்னாலும் தலையாட்டினார்கள், அதனால் அது சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

உயரத்தில் வரும் பந்தெல்லாம் எனக்குப் பழம் சாப்பிடுகிற மாதிரி. தரையில் உருண்டு வருவதுதான் பிரச்சினை. நான் குனிந்து முடிப்பதற்குள் அது வலையில் இருக்கும். "மேல வந்தா சாமி, கீழ வந்தா ஆசாமி" என்று பின்னால் நின்று கத்துவார்கள். எனக்கும் சிரிப்பு வரும். அந்தக் கொஞ்ச காலம் நான் சந்தோஷமாக இருந்தேன். அம்மாவும் அக்காவும் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். பந்து உதைக்கிற இடத்தில் மகன் ஏன் சும்மா நிற்கிறான் என்று அம்மாவுக்கு ஒரே குறை.

பசறை அணியோடு எங்கள் தோட்டத்து மைதானத்திலேயே ஓர் ஆட்டம் வந்தது. மைதானத்துக்கு மேலே கோயில். மேட்டில் எங்கள் தோட்டத்து ஜனம் முழுவதும் உட்கார்ந்திருந்தது. மூலையிலிருந்து ஒரு பந்து உயர்ந்து வந்தது. கூட்டத்துக்கு நடுவில் எழும்பி இரண்டு கையாலும் பிடித்தேன். பிடித்தது நன்றாக நினைவிருக்கிறது. கால் தரையைத் தொட்டது நினைவில்லை.

மற்றதெல்லாம் அக்கா சொன்னதும் மற்றவர்கள் சொன்னதும்தான். நான் பந்தை அணைத்துக்கொண்டே விழுந்தேனாம். மேட்டிலிருந்து குலவை எழுந்ததாம். எங்கள் அணித் தலைவன் ஓடி வந்து, பாதியில் நின்று, சப்பாத்தைக் கழற்ற ஆரம்பித்தானாம். நடுவர் விசிலை வாயில் வைத்தபடி நின்றாராம். கோயிலில் இருந்து பூசாரி செம்போடு இறங்கிக்கொண்டிருந்தாராம். அக்கா மண்டியிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தாளாம். இதை அவள் பெருமையோடுதான் என்னிடம் சொன்னாள். எல்லாம் முறைப்படி நடந்ததாம், ஒருவன் மட்டும்தான் கெடுத்துவிட்டானாம்.

கெடுத்தவர் பசறை அணிக்காரர். டவுனில் போன் கடை வைத்திருப்பவர், எங்கள் வழக்கம் தெரியாதவர். ஆணி வைத்த சப்பாத்தோடு என் மேல் பாய்ந்து, பந்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நெஞ்சை விடாமல் அமுக்க ஆரம்பித்திருக்கிறார். எங்கள் ஆட்கள் அவரை இழுத்திருக்கிறார்கள். ஒருவன் முதுகில் மிதித்திருக்கிறான். அவர் விடவில்லை. அவருடைய அணிக்காரர்கள் சுற்றி நின்று தடுத்துக்கொண்டதால் நான் இதை எழுதுகிறேன். பிறகு கடை தேடிப் போய் அவரைப் பார்த்தேன். நன்றி என்ற சொல் வாயில் வரவில்லை, அழுகைதான் வந்தது. அவர் ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "அதெல்லாம் விடுங்க. ஒங்க ஆளுங்க ஏங்க என்னய அடிச்சாங்க?" என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

கொழும்பில் என் நெஞ்சுக்குள் ஒரு கருவியை வைத்தார்கள். துடிப்பு தாளம் தப்பினால் அது உள்ளேயே ஓர் அடி கொடுத்துத் திருப்பிக் கொண்டுவரும். தோலுக்குக் கீழே தீப்பெட்டி போல மேடாகத் தெரியும். அம்மா அந்த மேட்டுக்குத் திருநீறு பூசிவிட்டு, ஆத்தாதான் காப்பாற்றினாள் என்றாள். அம்மா போய்ச் சேரும் வரை அப்படியேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவளோடு சண்டை போடவில்லை.

அக்காவோடு போட்டேன். மகள் அணியில் சேர்ந்த செய்தி வந்த வாரமே தோட்டத்துக்குப் போனேன். டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். அப்பாவைப் பற்றியும் சொன்னேன். அவள் கொழுந்து எடுத்துக் களைத்து வந்து, அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகப் பேசினாள்.

"தம்பி, நீ சொல்றது சரியாவே இருக்கட்டும். பொட்டப்புள்ளைக்கு நெஞ்சுல கோளாறுன்னு ஒருக்கா பேரு வந்துட்டா, நாளைக்கு எவன் கேட்டு வருவான்? நீ ஆம்பள. ஒனக்கே இன்னும் ஒருத்தி அமையல."

"உசுரு இருந்தாத்தானேக்கா கல்யாணம்."

"ஒனக்கு இல்லையா உசுரு? நல்லாத்தானே இருக்க."

அக்காவை மடச்சி என்று சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். அவள் மடச்சி இல்லை. அவள் வாழ்க்கையில் ஊர் அவளுக்குக் கொடுத்த ஒரே மரியாதை, சாமி வருகிற வீடு என்பதுதான். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நோய் வீடு என்று எழுதச் சொல்கிறேன் நான். அது எனக்குப் புரிகிறது. புரிந்தாலும் ஆத்திரம் அடங்கவில்லை.

பதுளையில் கிளினிக்குக்கு நாள் எடுத்தேன். பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன், தாயும் மகளும் வரவில்லை. பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியையிடம் போய் நேரில் சொன்னேன். அவர் முகம் மாறியது, தாயை அழைத்துப் பேசினார். தன்னால் ஆட முடியாமல் போன வயிற்றெரிச்சல் தம்பிக்கு என்று அக்கா அவரிடம் சொல்லியிருக்கிறாள். பிள்ளைக்கு எந்த நோயும் இல்லை என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டாள். "தாய் அப்படிச் சொல்றப்ப நான் என்னங்க செய்ய?" என்றார் ஆசிரியை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அக்காவிடமிருந்து போன் வந்தது. பின்னால் குலவைச் சத்தம் கேட்டது. ஹோட்டலில் சாவிக்காக ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"தம்பி, பாப்பாவுக்கு ஆத்தா வந்துட்டா. மழைக்கு ரோட்டுல இருந்து லயத்துக்கு ஓடியாந்தா. வாசல்லயே வந்துருச்சு."

"தூக்குக்கா. நெஞ்ச அமுக்கு. யாரையாச்சும் கூப்பிட்டு வண்டி பிடி."

"பயப்படாத. யாரும் செருப்போட கிட்ட போகல. மஞ்சத்தண்ணி ஊத்தியிருக்கோம்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. அவள் போனை அணைக்காமல் எங்கேயோ வைத்துவிட்டாள். மழையும் குலவையும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை. பிறகு கூட்டத்திலிருந்து ஒரு மூச்சு எழுந்தது. "எந்திரிச்சிட்டா" என்று யாரோ ஒரு பெண் சொல்வது கேட்டது. நான் மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் அந்த வீட்டு வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள். பசறையிலிருந்துகூட வாக்குக் கேட்க வருகிறார்கள். பிள்ளை பாவாடை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தாலே, சாமியையா ஊசி போடக் கூட்டிக்கொண்டு போவது என்று கேட்கிறார்கள். ஆனால் பந்து ஆட மட்டும் தடையில்லை. சாமி வருகிற பிள்ளை ஆடினால் ஜெயிக்கும் என்று பேச்சு.

அதனால் ஆட்டம் இருக்கும் நாட்களில் நான் லீவு போட்டுவிட்டுப் போகிறேன். ஆசிரியை கதிரை போட்டுக் கொடுக்கிறார். நான் உட்காருவதில்லை. கோட்டுக்குப் பக்கத்தில், அவள் ஓடும் பக்கத்துக்கெல்லாம் நகர்ந்துகொண்டு நிற்கிறேன். முதலுதவிப் பயிற்சி ஒன்றுக்குப் போய் நெஞ்சை எப்படி அமுக்குவது என்று படித்துக்கொண்டேன். போன் கடைக்காரரையும் ஒருமுறை கேட்டேன், தன்னால் முடிந்த ஆட்டங்களுக்கு அவரும் வருகிறார்.

போன ஆட்டத்துக்குத் தோட்டத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். களத்துக்கு அந்தப் பக்கம் படிகளில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு போத்தலில் மஞ்சள் தண்ணீர். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே அவர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றி ஓரமாக அடுக்கிவிட்டார்கள். அன்றைக்குப் போன் கடைக்காரரால் வர முடியவில்லை. இந்தப் பக்கம் நான் மட்டும்தான்.

பிள்ளை களத்தில் இறங்குவதற்கு முன் என்னிடம் வந்தாள். தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"மாமா, நான் விழுந்தா நீங்க ஓடி வருவீங்களா?"

"வருவேன்."

"ஒங்களுக்கு ஓடக் கூடாதுன்னுதானே சொல்லியிருக்காங்க."

நான் குனிந்து என் சப்பாத்துப் பட்டையை இறுக்கினேன். விசில் அடித்தார்கள். அவள் உள்ளே ஓடினாள்.